பத்து, இருபது, ஐம்பது: ஸ்டார்ட்அப் வேலையில் சேரும் முன் கேட்க வேண்டிய எண்கள்

"ஸ்டார்ட்அப்ல வேலை கிடைச்சிருக்கு" என்று வீட்டில் சொன்னதும் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்து, "நல்ல கம்பெனியா?" என்பார்கள். முதல் கேள்விக்கு ஆஃபர் லெட்டரில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அந்த நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் கலர் கலரான நாற்காலிகள், கேரம் போர்டு, பிறந்தநாள் கேக் எல்லாம் தெரியும். "கல்ச்சர் சூப்பரா இருக்கும் போல" என்று முடிவு செய்துவிடுகிறோம்.

நாற்காலியையும் கேக்கையும் பணம் இருந்தால் யாரும் வாங்கிவிடலாம். ஒரு நிறுவனத்தின் பணிக் கலாசாரம் தெரிவது வேறு இடத்தில். ஆள் எண்ணிக்கை கூடும்போது அதன் தலைமை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க மூன்று எண்கள் போதும்: 10, 20, 50. இந்த எண்களைத் தொடும்போது ஒரு நிறுவனத்துக்குச் சட்டப்படி புதிய கடமைகள் வருகின்றன. அந்தக் கடமைகளை உரிய நேரத்தில் செய்யும் நிறுவனர் எப்படிப்பட்டவர் என்பதும், தள்ளிப்போடும் நிறுவனர் எப்படிப்பட்டவர் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வேலை தேடும் இளைஞர்கள், ஏற்கெனவே ஸ்டார்ட்அப்பில் இருப்பவர்கள், சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். பெரும்பாலான தகவல்களை உங்கள் கையில் இருக்கும் மொபைலிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆறு பேர் இருந்தபோது நல்லாத்தானே இருந்தது?

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஒரே அறை. லீவு வேண்டுமா? திரும்பி நிறுவனரைப் பார்த்துச் சொன்னால் போதும். சம்பளம் இரண்டு நாள் தாமதமானால் காரணத்தை அவரே வந்து சொல்லிவிடுவார். எழுத்தில் எதுவும் இல்லை. யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் பேச மொத்தம் 15 இணைப்புகள் உண்டு. பன்னிரண்டு பேர் ஆனால் 66. இருபது பேர் ஆனால் 190. ஐம்பது பேர் ஆனால் 1,225. ஆட்கள் இரண்டு மடங்கு ஆனால் இணைப்புகள் நான்கு மடங்குக்கு மேல் போகின்றன. நிறுவனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எல்லாரிடமும் நேரில் பேசி நிலைமையைத் தெரிந்துகொள்ள முடியாத நாள் வந்தே தீரும்.

அந்த நாளில் என்ன ஆகிறது? பழைய ஆறு பேருக்கு நிறுவனரிடம் நேரடி வழி இருக்கிறது. புதிதாக வந்த பதினைந்தாவது ஆளுக்கு அது இல்லை. அவருக்கு ஒரு டீம் லீட் இருக்கிறார். அந்த டீம் லீட் எப்படி நடத்துகிறாரோ அதுதான் அவருக்கு 'கம்பெனி'. அதே அலுவலகத்தில் இரண்டு விதமான அனுபவங்கள் உருவாகின்றன. நிறுவனர் மட்டும், "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று மீட்டிங்கில் சொல்லிக்கொண்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஏனென்றால் அவர் பார்ப்பது அந்தப் பழைய ஆறு பேரை.

வாய்ப்பேச்சில் நடந்ததை எழுத்துக்கு மாற்ற வேண்டிய நேரம் இதுதான். நியமனக் கடிதம், விடுப்பு விதி, சம்பளச் சீட்டு, புகார் சொல்ல ஒரு வழி ஆகியவை இல்லையென்றால் பாதிப்பு முதலில் விழுவது கடைசியாகச் சேர்ந்த, வயதில் சிறிய, கேள்வி கேட்கத் தயங்கும் நபர் மீதுதான்.

ஊபரில் நடந்தது என்ன?

ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஊபர் தெரியும். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் 2009-ல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே உலகம் முழுக்கப் பரவிய நிறுவனம். 2017 பிப்ரவரியில், அங்கிருந்து வேலையை விட்டு வந்த சூசன் ஃபௌலர் என்ற பெண் பொறியாளர் தன் அனுபவத்தை இணையத்தில் எழுதினார். புதிய குழுவில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் அலுவலக சாட்டில் தகாத முறையில் செய்தி அனுப்பினார் என்றும், ஸ்கிரீன்ஷாட்டோடு ஹெச்.ஆர். பிரிவில் புகார் கொடுத்தபோது, "இது அவருடைய முதல் தவறு, அவர் நன்றாக வேலை செய்பவர்" என்ற ரீதியில் பதில் வந்தது என்றும் அதில் இருந்தது. அதே மேலாளர் மீது வேறு பெண்களும் முன்பே புகார் கொடுத்திருந்தது பின்னால்தான் அவருக்குத் தெரிய வந்ததாம்.

அவர் எழுதியதில் இன்னொரு சம்பவம் உண்டு. அவருடைய பிரிவில் எல்லாருக்கும் லெதர் ஜாக்கெட் தருவதாகச் சொல்லி அளவெல்லாம் எடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஆண்களுக்கு மட்டும் வந்தது. பெண்கள் ஆறு பேர்தான் இருந்ததால் மொத்த விலைத் தள்ளுபடி கிடைக்கவில்லை, அதனால் வாங்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டதாம். கோடிக்கணக்கில் முதலீடு வாங்கிய நிறுவனத்தில் ஆறு ஜாக்கெட்டுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

விஷயம் பெரிதானதும் அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் தலைமையில் விசாரணை நடந்தது. வேறொரு சட்ட நிறுவனம் தனியாகப் புகார்களை விசாரித்தது. 20-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். நிறுவனர்களில் ஒருவரான டிராவிஸ் கலாநிக் 2017 ஜூனில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு விலகினார். ஹோல்டர் குழுவின் பரிந்துரைகளில், அலுவலகத்தில் தரும் இரவு உணவை இன்னும் முன்னதாகத் தர வேண்டும் என்பதும் ஒன்று. ஏன் இதைப் போய்ப் பரிந்துரைக்க வேண்டும்? சாப்பாடு ராத்திரி தாமதமாகத்தான் வரும் என்றால், அதுவரை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. வீட்டில் குழந்தையோ வயதான பெற்றோரோ காத்திருப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

இலவச சாப்பாடு போடுவது நல்ல கலாசாரம் என்று நினைக்கிறோம். அது எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டால்தான் யாருக்காகப் போடுகிறார்கள் என்று தெரிகிறது. இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் நாமும் கேட்க வேண்டும். இனி நம் மூன்று எண்களுக்கு வருவோம்.

எண் 10: புகார் சொல்ல ஓர் இடம்

பத்து பேர் வேலை செய்யும் இடமாக மாறியதும் சட்டம் எதிர்பார்க்கும் முக்கியமான விஷயம், உள்ளகப் புகார் குழு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் எல்லா இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். ஸ்டார்ட்அப் என்பதற்காக விலக்கு கிடையாது.

குழுவுக்கு அங்கு மூத்த நிலையில் பணிபுரியும் ஒரு பெண் தலைமை வகிக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனம் போன்ற வெளி அமைப்பிலிருந்து ஒருவர் கட்டாயம். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

"நான் இன்டர்ன்தானே, எனக்கெல்லாம் பொருந்துமா?" என்ற சந்தேகம் பலருக்கு இருக்கும். பொருந்தும். பயிற்சியில் இருப்பவர், ஒப்பந்த ஊழியர், தற்காலிக ஊழியர் எல்லாருக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அலுவலகக் கட்டடம் மட்டும் பணியிடம் இல்லை. வேலை நிமித்தமாகப் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடம்தான்.

பத்து பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே நிறுவன உரிமையாளர் மீது என்றாலோ மாவட்ட அளவில் செயல்படும் உள்ளூர் புகார் குழுவை அணுகலாம். மத்திய அரசின் 'ஷி-பாக்ஸ்' இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

இதே எண்ணில் இன்னும் சில கடமைகளும் தொடங்குகின்றன. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவப் பாதுகாப்பு வர வேண்டும். இதற்கு ஊழியர் ஊதியத்தில் 0.75 சதவீதமும், நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்த வேண்டும். மகப்பேறு விடுப்பும், பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டியும் பத்து பேரிலிருந்தே பொருந்தும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவதும் நிறுவனத்தின் கடமை. ஆகவே, "லெட்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், நாளைக்கே ஜாயின் பண்ணுங்க" என்று சொன்னால் நிதானமாக யோசியுங்கள்.

எண் 20: உங்கள் பெயரில் சேரும் பணம்

இருபது பேர் ஆனதும் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., கட்டாயமாகிறது. இந்த எண்ணிக்கையில் ஒப்பந்த ஊழியர்களும் சேர்த்தி. ஒருமுறை பி.எஃப். வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் அதிலிருந்து வெளியே போக முடியாது.

உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கப்படும். நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்து, இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராகவே இல்லாத புதியவருக்கு மட்டும் இது கட்டாயமில்லை.

தொகை சின்னதாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 14,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 1,680, நிறுவனத்தின் பங்கு 1,680, மாதம் 3,360 ரூபாய். நிறுவனர் "அடுத்த ஃபண்டிங் வரட்டும், பி.எஃப். ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று 18 மாதம் தள்ளிப்போட்டால், 60,480 ரூபாய் உங்கள் பெயரில் சேராமல் போகிறது. அவ்வளவும் வட்டி இல்லாமல் போட்ட கணக்கு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று பிடித்திருப்பார்கள், ஆனால் கணக்கில் கட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். செலுத்தியதா என்று தெரிந்துகொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம். 'உமங்' செயலியில் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பாஸ்புக்கைப் பாருங்கள். மாதாமாதம் வரவு இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

வேலையில் சேரும் முன்பே பார்க்கவும் வழி இருக்கிறது. பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கத்தில் கம்பெனியின் பெயரைக் கொடுத்தால், அது பதிவு பெற்றதா, எந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறது என்ற விவரம் வரும். நேர்காணலில் "எங்க டீம்ல எழுபது பேர்" என்று சொன்ன நிறுவனம் பதினைந்து பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால், மீதிப் பேரின் நிலை என்ன என்று கேட்கலாம். மீதிப் பேருக்குக் கட்டாயம் இல்லாத காரணமும் இருக்கலாம். அதை அவர்கள் விளக்கட்டும்.

எண் 50: குழந்தையோடு திரும்பி வரும் ஊழியர்

ஐம்பது பேரைத் தொட்ட நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் வேலை நேரத்தில் நான்கு முறை அங்கு போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம்.

காப்பகம் பற்றிப் பேசும் முன் மகப்பேறு விடுப்பைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போது அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

ஸ்டார்ட்அப்களில் பெரும்பாலும் எல்லாரும் இருபதுகளில் இருப்பார்கள். அதனால் இந்தக் கேள்வி சில வருடங்களுக்கு எழுவதே இல்லை. முதல் முறையாக ஒரு பெண் ஊழியர் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லும் அன்றைக்கு, டீம் லீட் என்ன சொல்கிறார் என்பதை அலுவலகமே கவனிக்கும். "வாழ்த்துகள், எப்போ லீவு வேணும், உங்க வேலையை யார் பார்த்துக்கலாம்னு பேசுவோம்" என்பதும், "ரிலீஸ் டைம்ல இப்படி சொல்றீங்களே" என்பதும் வேறு வேறு நிறுவனங்கள். இரண்டாவது பதிலைக் கேட்ட மற்ற பெண்கள் அன்றே வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார்கள்.

சட்டத்தில் எழுத முடியாத விஷயம்

மூன்று எண்களையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நிறுவனத்திலும் வேலை செய்வது கஷ்டமாக இருக்கலாம். காரணம், அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கூகுள் நிறுவனம் 2012-ல் 'ப்ராஜெக்ட் அரிஸ்டாட்டில்' என்ற ஆய்வைத் தொடங்கியது. சுமார் 180 குழுக்களை எடுத்து, சில குழுக்கள் மட்டும் ஏன் சிறப்பாக வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். குழுவில் யார் இருக்கிறார் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அதிலும் முதலிடத்தில் வந்தது, தயங்காமல் பேச முடிகிறதா என்பது. "எனக்கு இது புரியல", "நான் தப்பு பண்ணிட்டேன்", "இந்த முடிவு சரியில்லைன்னு தோணுது" என்று சொன்னால் யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது.

இந்தக் கருத்தை நீண்டகாலம் ஆராய்ந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் விளங்கியது: அங்கே தவறுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள்.

மென்பொருளுக்கும் இது அப்படியே பொருந்தும். டெஸ்டிங் பார்க்கும் ஜூனியர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறார். சொன்னால் ரிலீஸ் தள்ளிப்போகும், எல்லார் முன்னாலும் திட்டு விழும் என்று தெரிந்தால் சொல்ல மாட்டார். திங்கட்கிழமை அந்தப் பிழை வாடிக்கையாளர் கையில் இருக்கும். அந்த ஜூனியரைப் பேசாதவராக ஆக்கியது யார் என்று தேடினால், முந்தைய மாதம் மீட்டிங்கில் வேறு யாரையோ கத்திய ஒரு தலைவரிடம் போய் நிற்கும்.

நம்ம ஊரில் நடந்த நல்ல விஷயங்கள்

எச்சரிக்கை மட்டுமே சொல்லி முடித்தால் அது முழுமையான படம் ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த நிறுவனங்கள் தலைமைக்கு நல்ல உதாரணங்களும் தந்திருக்கின்றன.

திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அன்று அதன் இந்திய ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனம் தெரிவித்தது. லாபம் வரும் முன்பே ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்திருந்ததால் வந்த பலன் அது.

ஆனால் இதைக் காட்டி, "சம்பளம் கம்மி, ஆனா ஷேர் தர்றோம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பங்கு, எழுத்தில் தருவீர்களா? எத்தனை வருடத்தில் என் பெயருக்கு வரும்? நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும்? இந்தப் பங்குகள் கைக்கு வரக் குறைந்தது ஓராண்டாவது காத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பட்டியலாகாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது. வாடகைக்கும் மளிகைக்கும் அது உதவாது.

1996-ல் தொடங்கிய ஜோஹோ வேறு வழியில் போனது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களுக்குத் தன் சொந்தப் பள்ளியில் உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு எடுத்தது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. யாரை வேலைக்கு எடுக்கலாம், எந்த ஊரில் அலுவலகம் வைக்கலாம் என்பதும் தலைமை எடுக்கும் முடிவுகள்தான். அந்த முடிவுகள்தான் பின்னால் கலாசாரமாக மாறுகின்றன.

நேர்காணல் முடிந்ததும் மொபைலில் பார்க்க வேண்டியவை

1. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டு பதிவானது, இப்போது செயல்பாட்டில் இருக்கிறதா என்று தெரியும்.

2. பி.எஃப். இணையதளத்தில் மாதாமாதம் பணம் கட்டுகிறதா என்று பாருங்கள்.

3. ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: "மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? உள்ளகப் புகார் குழுவின் தலைவர் யார்?" பதில் ஒரே நாளில் வந்தால் நல்லது. "அதெல்லாம் நம்ம ஆபீஸ்ல தேவையே படாது" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

4. நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, நோட்டீஸ் பீரியட் ஆகிய நான்கும் தெளிவாக இருக்கின்றனவா என்று படியுங்கள்.

5. வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னாலும், அசல் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நகல் போதும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

6. அங்கிருந்து சமீபத்தில் விலகிய ஒருவரிடம் பேசுங்கள். கடைசி மாதச் சம்பளம் எப்போது வந்தது என்று கேளுங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். போகிறவரை எப்படி அனுப்புகிறார்கள் என்பதில் நிறைய தெரியும்.

சேர்ந்த பிறகு பிரச்னை வந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, வங்கி வரவு விவரம் எல்லாவற்றையும் சொந்த மெயிலிலோ மொபைலிலோ நகல் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். தொடர்பான குறைகளை அதன் இணையக் குறைதீர்வு தளத்தில் பதிவு செய்யலாம். ஊதியம் தொடர்பாக உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100. இலவச சட்ட உதவிக்கு 15100.

நிறுவனம் தொடங்கியவர்களுக்கு

"ஆரம்பத்துலயே இவ்வளவு பேப்பர் வேலையா? பொருளை விக்கவே நேரம் இல்ல" என்ற உங்கள் கஷ்டம் உண்மையானது. ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் 2016-ல் தொடங்கியபோது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குச் சில தொழிலாளர் சட்டங்களில் சுயசான்று அளிக்கும் வசதி தரப்பட்டதும் இதனால்தான். அந்த வசதி அதிகாரி அடிக்கடி ஆய்வுக்கு வருவதைக் குறைக்கிறது. ஊழியருக்குச் செய்ய வேண்டியதைக் குறைக்கவில்லை.

எளிய வழி ஒன்று இருக்கிறது. பத்தாவது ஆள் வரும் வரை காத்திருக்காமல் எட்டாவது ஆள் சேரும்போதே புகார் குழுவுக்கான ஆட்களைப் பாருங்கள். வெளி உறுப்பினர் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும். பதினெட்டாவது ஆளோடு பி.எஃப். பதிவைத் தொடங்குங்கள். நாற்பதாவது ஆள் சேரும்போது அருகில் இருக்கும் காப்பகத்தோடு பேசுங்கள். முதலீட்டாளர் கணக்கைப் பார்க்க வரும்போது இவையெல்லாம் சரியாக இருந்தால் உங்களுக்குத்தான் லாபம். பழைய பாக்கி, அபராதம் என்று எதுவும் குறுக்கே நிற்காது.

மாதத்துக்கு ஒரு நாள், கடைசியாகச் சேர்ந்த நபரோடு தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். "இங்க வந்த பிறகு எது புரியல? எதைச் சொல்லத் தயங்குனீங்க?" என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்டு, அதில் ஒரு விஷயத்தையாவது அந்த மாதமே சரிசெய்யுங்கள். அடுத்த மாதம் உட்காருபவர் இன்னும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவார்.

வேலை தேடும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கேள்விகளைக் கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இயல்பானது. எல்லாவற்றையும் நேர்காணலிலேயே கேட்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் மொபைலில் நீங்களே பார்த்துவிடலாம். மீதியை ஆஃபர் வந்த பிறகு, கையெழுத்துப் போடும் முன், பணிவாக ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த முறை வீட்டில் "நல்ல கம்பெனியா?" என்று கேட்டால், "முப்பத்திரண்டு பேர் இருக்காங்க, பி.எஃப். மாசாமாசம் கட்டுறாங்க, புகார் குழு இருக்கு, லெட்டர் கைல வந்தாச்சு" என்று நீங்கள் பதில் சொல்லலாம்.